பின்சீட்டிலிருந்து முன்சீட்டுக்கு: 'டிரைவ் மை கார்' படத்தோடு ஒரு பயணம்

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

 

கொஞ்ச நாளைக்கு முன்னாடி நம்ம எபிசோட் கேக்கற ஒருத்தங்க ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தாங்க. வீட்டுல ஒரு இழப்பு. ஆறு மாசம் ஆகுது. "ஒரு படம் சொல்லுங்க. ரொம்ப அழ வைக்கக் கூடாது. அதுக்காக, எல்லாம் சரியாயிடும்னு ஏமாத்தவும் கூடாது"ன்னு கேட்டிருந்தாங்க. ரெண்டு வரிதான். ஆனா இவ்வளவு கஷ்டமான ஒரு கேள்வி இதுவரைக்கும் எனக்கு வந்ததில்ல. ஏன்னா துக்கத்தைப் பத்தின படங்கள்ல பாதி நம்மளப் பிழிஞ்சு எடுக்கும், மீதி பாதி கடைசி பத்து நிமிஷத்துல ஒரு பாட்டைப் போட்டு எல்லாத்தையும் சரி பண்ணிடும்.

யோசிச்சு யோசிச்சு நான் வந்து நின்ன படம், ரியூசுகே ஹமாகுச்சி இயக்கின ஜப்பானியப் படம், 'டிரைவ் மை கார்'. 2021ல வந்தது. கான் திரைப்பட விழாவுல சிறந்த திரைக்கதைக்கான விருது. 2022 ஆஸ்கர்ல சிறந்த படம் உட்பட நாலு பரிந்துரை, அதுல சிறந்த சர்வதேசத் திரைப்படத்துக்கான விருது கைக்கு வந்துச்சு. ஹருகி முரகாமியோட அதே பேர்ல இருக்கற சிறுகதைதான் அடிப்படை. அவரோட வேற ரெண்டு கதைகள்ல இருந்தும் கொஞ்சம் எடுத்துக்கிட்டிருக்காங்க.

ரெண்டு எச்சரிக்கை. ஒண்ணு, படத்தோட முடிவு வரைக்கும் பேசப் போறேன். ஆனா இது ட்விஸ்ட்டுக்காகப் பாக்கற படம் இல்ல. தெரிஞ்சே பாத்தாலும் ஒண்ணும் கெட்டுப் போகாது. ரெண்டு, படம் மூணு மணி நேரத்துக்கு ஒரு நிமிஷம் கம்மி. 179 நிமிஷம். ஒன்றரை மடங்கு வேகத்துல வெச்சுப் பாக்கற பழக்கம் இருந்தா, இந்த ஒரு படத்துக்கு மட்டும் அதை விட்டுடுங்க. ஏன்னு போகப் போகச் சொல்றேன்.

டைட்டிலே நாற்பது நிமிஷம் கழிச்சுதான்

யூசுகே கஃபுகு ஒரு நாடக நடிகர், இயக்குநர். ஹிடெடோஷி நிஷிஜிமா நடிச்சிருக்கார். மனைவி பேரு ஓடோ, தொலைக்காட்சிக்குத் திரைக்கதை எழுதறவங்க. ஜப்பானிய மொழியில அந்தப் பேருக்கு 'ஒலி'ன்னு அர்த்தம். இத ஞாபகத்துல வெச்சுக்கோங்க. இவங்களுக்கு ஒரு பெண் குழந்தை இருந்திருக்கு. நாலு வயசுல நிமோனியாவுல இறந்துடுச்சு. அதுக்கப்புறம் ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பிடிச்சுக்கிட்டுதான் வாழ்ந்திருக்காங்க.

ஒரு நாள் கஃபுகு வெளிநாட்டுக்குக் கிளம்பறார். விமானம் ரத்து. வீட்டுக்குத் திரும்பி வந்தா, மனைவி இன்னொருத்தரோட இருக்காங்க. நம்ம படங்கள்ல இந்த இடத்துல என்ன நடக்கும்னு உங்களுக்குத் தெரியும். இவர் சத்தமே இல்லாம கதவைச் சாத்திட்டு வெளிய போயிடறார். ஒரு ஹோட்டல்ல தங்கி, வீடியோ கால்ல, வெளிநாட்டுக்குப் போய்ச் சேர்ந்துட்ட மாதிரியே மனைவிகிட்ட பேசறார். கேட்டா இருக்கறதும் போயிடுமோங்கற பயம்.

அப்புறம் ஒரு காலையில ஓடோ சொல்றாங்க, இன்னிக்கு ராத்திரி வந்ததும் கொஞ்சம் பேசணும்னு. அவ்வளவுதான். என்ன பேசணும்னு சொல்லல. இவருக்குத் தெரியும், அந்தப் பேச்சுக்கு அப்புறம் பழைய வாழ்க்கை இருக்காதுன்னு. அதனால வேலையே இல்லாம ஊரைச் சுத்தி கார் ஓட்டிட்டு, வேணும்னே லேட்டா வர்றார். வந்து பாத்தா, ஓடோ தரையில விழுந்து கிடக்கறாங்க. மூளையில ரத்தக்கசிவு. இறந்துடறாங்க.

பேச வேண்டியது பேசப்படவே இல்ல. இனிமே பேசவும் முடியாது.

இதெல்லாம் முடிஞ்சு, ரெண்டு வருஷம் கழிச்சு, கஃபுகு தன்னோட சிவப்பு சாப் 900 கார்ல ஹிரோஷிமாவுக்குப் போயிட்டிருக்கும்போதுதான் திரையில எழுத்து ஓட ஆரம்பிக்குது. படம் தொடங்கி சுமார் நாற்பது நிமிஷம் ஆயிருக்கும். தியேட்டர்ல பாக்கும்போது பக்கத்து சீட்டுப் பையன் "இப்பதான் ஆரம்பிக்குதா?"ன்னு சிரிச்சான். ஆனா யோசிச்சுப் பாத்தா அது எவ்வளவு சரி! சாவு நடந்த அன்னிக்குத் துக்கம் ஆரம்பிக்கறதில்ல. அன்னிக்கு வேலை இருக்கும், ஆள் இருப்பாங்க, சடங்கு இருக்கும். எல்லாரும் கிளம்பிப் போன பிறகு, நீங்க உங்க வேலைக்குத் திரும்பி, எல்லாம் சாதாரணமா இருக்கற மாதிரி வண்டி ஓட்டிக்கிட்டுப் போறீங்க பாருங்க, அப்பதான் ஆரம்பிக்குது.

ஓட்டத் தெரிஞ்ச பொண்ணு

ஹிரோஷிமாவுல ஒரு நாடக விழா. அங்க கஃபுகு ஆன்டன் செகாவோட 'அங்கிள் வான்யா' நாடகத்தை இயக்கணும். தங்கற இடம் ஒரு மணி நேரத் தொலைவுல வேணும்னு அவரே கேட்டு வாங்கியிருக்கார். ஏன்னா காருக்குள்ள அவருக்கு ஒரு சடங்கு இருக்கு. 'அங்கிள் வான்யா' வசனம் முழுக்க ஓடோ ஒரு கேசட்டுல பேசிப் பதிவு பண்ணி வெச்சிருக்காங்க. வான்யாவோட வசனம் வர்ற இடத்துல மட்டும் இடைவெளி விட்டிருப்பாங்க. அந்த இடைவெளியில கஃபுகு தன் வசனத்தைச் சொல்லணும். அதாவது, செத்துப்போன மனைவி தினமும் கார்ல அவரோட பேசறாங்க, இவரும் பதில் சொல்றார். ஆனா ரெண்டு பேரும் பேசறது செகாவ் எழுதினது. அவங்க பேசியிருக்க வேண்டிய பேச்சு மட்டும் அந்தக் கேசட்டுல இல்ல.

இங்க என் கதை கொஞ்சம் சொல்லிக்கறேன். என் அப்பா இறந்து மூணு வருஷம் ஆகுது. அவர் அனுப்பின வாட்ஸ்அப் வாய்ஸ் நோட் பதினேழு என் போன்ல இருக்கு. ஒண்ணுலயும் பெருசா எதுவும் கிடையாது. "வரும்போது அரை லிட்டர் பால் வாங்கிட்டு வாப்பா." "மழை வருது, மொட்டை மாடித் துணிய எடுத்துட்டேன்." அதுல ஒண்ணு பதினொரு செகண்ட், வெறும் டிவி சத்தம், கை தவறி அழுத்தியிருக்கார். போன் மாத்தும்போதெல்லாம் முதல்ல பேக்கப் எடுக்கறது அதைத்தான். அதனால அந்தக் கேசட் காட்சியைப் பாக்கும்போது, இது ஏதோ கலைப்படத்துல வர்ற குறியீடுன்னு எனக்குத் தோணல. பால் பாக்கெட் ஞாபகம்தான் வந்துச்சு.

சரி, படத்துக்கு வருவோம். விழாக் குழு ஒரு விதி சொல்றாங்க. முன்னாடி வந்த ஒரு கலைஞர் விபத்துல மாட்டினதால, இனிமே வர்றவங்க சொந்தமா வண்டி ஓட்டக் கூடாது, நாங்க டிரைவர் தருவோம்னு. கஃபுகுவுக்குச் சுத்தமா பிடிக்கல. அது அவரோட கோவில் மாதிரி. அங்க வெளி ஆளா?

வந்த டிரைவர் மிசாகி. இருபத்து மூணு வயசு. டோகோ மியுரா நடிச்சிருக்காங்க. சிரிக்க மாட்டா. கேட்டாதான் பேசுவா. கன்னத்துல ஒரு தழும்பு. ஆனா அவ வண்டி ஓட்டினா, கியர் மாறறதே தெரியாது. அப்படி எங்க கத்துக்கிட்டா? பள்ளிக்கூடம் படிக்கும்போதே அவ அம்மா ஓட்ட வெச்சிருக்காங்க. அம்மாவுக்கு ராத்திரி விடுதியில வேலை. அவங்களை ரயில் நிலையத்துல கொண்டு விட்டுக் கூட்டிட்டு வரணும். திரும்பி வரும்போது அம்மா கார்ல தூங்குவாங்க. வண்டி குலுங்கி எழுந்துட்டா உதை விழும். அதனால குலுங்காம ஓட்டக் கத்துக்கிட்டா.

இத அவ ஒரு குறையா சொல்லல. வேலை கத்துக்கிட்ட கதையாதான் சொல்றா. நமக்குத்தான் கேட்டதும் என்னமோ பண்ணுது. அவளோட மிகப்பெரிய திறமையும் அவளோட மிகப்பெரிய காயமும் ஒரே இடத்துல இருந்து வந்திருக்கு. கேக்கற உங்கள்லயும் சில பேருக்கு இது புரியும். யார் மனசும் கோணாம நடந்துக்கற ஆளுன்னு பேர் வாங்கினவங்க, அதை எங்க கத்துக்கிட்டாங்கன்னு யோசிச்சா சில நேரம் இந்த மாதிரி ஒரு வீடுதான் ஞாபகம் வரும்.

உணர்ச்சி கலக்காம வாசிங்க

படத்தோட நடுப்பகுதி முழுக்க நாடக ஒத்திகை. பல பேருக்கு இங்கதான் தூக்கம் வருது. எனக்கு இதுதான் படத்தோட உயிர்.

கஃபுகு போடற நாடகத்துல ஒவ்வொரு நடிகரும் அவங்கவங்க மொழியில பேசுவாங்க. ஜப்பானிய மொழி, கொரிய மொழி, மாண்டரின்னு பலது. சோன்யாவா நடிக்கிற யூனாங்கற பொண்ணு பேச மாட்டா. கொரிய சைகை மொழியில நடிப்பா. எதிர்ல இருக்கறவர் என்ன மொழி பேசறார்னு புரியாது. மேசையைச் சுத்தி உக்காந்து, நாள் கணக்கா வாசிக்கறாங்க. கஃபுகு போடற ஒரே கட்டளை: உணர்ச்சி போடாதீங்க, மெதுவா, தெளிவா வாசிங்க. ஒருத்தர் வாசிச்சு முடிச்சதும் மேசையில ஒரு தட்டு தட்டுவார். அடுத்தவர் ஆரம்பிப்பார். நடிகர்களுக்கே எரிச்சல் வருது, நாங்க என்ன ரோபோவான்னு.

இது கதைக்காகக் கண்டுபிடிச்ச முறை இல்ல. ஹமாகுச்சியே தன் நடிகர்களோட இப்படித்தான் வேலை பாக்கறவர். பிரெஞ்சு இயக்குநர் ழான் ரென்வார்கிட்ட இருந்து எடுத்துக்கிட்ட முறைன்னு அவரே சொல்லியிருக்கார். நடிப்பை முன்கூட்டியே முடிவு பண்ணி எடுத்துட்டு வராதே, எதிர்ல இருக்கறவரைக் கேள், அப்ப என்ன வருதோ அதுதான் நிஜம்.

இப்ப இதை நம்ம வாழ்க்கையில வெச்சுப் பாருங்க. ஒருத்தர் துக்கத்துல இருக்கும்போது நாம போறோம். போறதுக்கு முன்னாடியே என்ன முகத்தோட போகணும், என்ன சொல்லணும்னு ஒத்திகை பாத்துட்டுப் போறோம். "காலம் எல்லாத்தையும் ஆத்தும்", "அவர் கொடுத்து வெச்சவர், படுக்கையில கிடக்காம போயிட்டார்." உணர்ச்சி நிறைய இருக்கும். கேக்கறது மட்டும் இருக்காது. படத்துல ஒரு நாள் ஒத்திகை பூங்காவுல நடக்குது. சைகையில பேசற யூனாவும் மாண்டரின் பேசற நடிகையும். ஒருத்தர் மொழி இன்னொருத்தருக்குத் தெரியாது. திடீர்னு ஏதோ ஒண்ணு நடந்துடுது. மரத்தடியில நின்னு பாக்கற நமக்கே புரியுது. அத்தனை நாள் மேசையில தட்டித் தட்டி வாசிச்சது இதுக்குத்தான்.

இந்த யூனாவும் இழப்போட வந்தவதான். அவ ஒரு நடனக் கலைஞர். கரு கலைஞ்சு போனதும் ஆட முடியாம நின்னு போயிட்டா. அவளும் அவ கணவர் யூன்சுவும் கஃபுகுவையும் மிசாகியையும் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடற காட்சி படத்துலயே மென்மையான காட்சி. அங்க கஃபுகு முதல் தடவையா மிசாகியோட ஓட்டுதலைப் பாராட்டறார். கார்ல உக்காந்திருக்கோம்ங்கறதே மறந்து போகுதுன்னு. அவளுக்கு என்ன பண்றதுன்னு தெரியல. நாற்காலியில இருந்து மெதுவா நழுவி, கீழ உக்காந்து, அந்த வீட்டு நாயைத் தடவ ஆரம்பிச்சிடறா. பாராட்டு வாங்கிப் பழக்கம் இல்லாத ஒரு ஆளை இதைவிடச் சரியா நான் திரையில பாத்ததில்ல.

ஏன் ஹிரோஷிமா?

முதல்ல இந்தப் படத்தைத் தென்கொரியாவுல பூசான் நகரத்துல எடுக்கறதாதான் திட்டம். கொரோனாவால முடியல, ஹிரோஷிமாவுக்கு மாத்தினாங்க. தற்செயல்தான். ஆனா அந்த ஊர் வந்ததும் படத்துக்கு இன்னொரு அடுக்கு வந்துடுச்சு.

1945 ஆகஸ்ட் 6. அந்த ஊருக்கு என்ன ஆச்சுன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. ஹமாகுச்சியும் சொல்லல. அணுகுண்டுக் குவிமாடத்தை அஞ்சல் அட்டை மாதிரி காட்டி, சோகமா இசை போடற வேலையெல்லாம் கிடையாது. கஃபுகு மிசாகிகிட்ட, இந்த ஊர்ல உனக்குப் பிடிச்ச ஒரு இடத்துக்குக் கூட்டிட்டுப் போன்னு கேக்கறார். அவ கூட்டிட்டுப் போறது ஒரு குப்பை எரிக்கிற ஆலைக்கு! ஹிரோஷிமாவுக்கு வந்த புதுசுல குப்பை வண்டி ஓட்டி வேலை பாத்திருக்கா.

அந்த ஆலை நிஜமாவே இருக்கு. யோஷியோ தானிகுச்சிங்கற கட்டடக் கலைஞர் வடிவமைச்சது. குவிமாடத்தையும் அமைதிப் பூங்கா நினைவுச் சின்னத்தையும் சேர்க்கற நேர்கோட்டை நீட்டினா, இந்த ஆலை வழியாக் கடலுக்குப் போகும். அந்தக் கோடு அடைபடக் கூடாதுன்னு கட்டடத்துக்கு நடுவுல ஒரு கண்ணாடி நடைபாதை விட்டிருக்காங்க. குப்பை எரியற இடத்துக்கு நடுவுல, கடலைப் பாக்க ஒரு திறப்பு. மிசாகி இதை வழிகாட்டி மாதிரி ரெண்டு வரியில சொல்லிட்டு நகர்ந்துடறா. ஒரு ஊர் தன் துக்கத்தை எப்படி வெச்சுக்கிட்டிருக்குன்னு அதுக்கு மேல விளக்க வேண்டியதில்ல. மறைக்கல. அதுக்காக அங்கயே நின்னுடவும் இல்ல. குப்பையும் எரிக்கணும், வழியும் விடணும்.

இன்னொரு விஷயமும் இதோட சேருது. 2011 மார்ச் 11 நிலநடுக்கம், சுனாமிக்குப் பிறகு, ஹமாகுச்சி கோ சகாய்ங்கற இன்னொரு இயக்குநரோட வடகிழக்கு ஜப்பானுக்குப் போய் ஆவணப்படங்கள் எடுத்தார். உயிர் பிழைச்சவங்க எதிரெதிரா உக்காந்து ஒருத்தருக்கு ஒருத்தர் பேசுவாங்க. கேமரா அவங்க முகத்துக்கு நேரா இருக்கும். இடிபாடுகளைவிட அந்தப் பேச்சுதான் முக்கியம். ஒரு இளம் இயக்குநர் அத்தனை மணி நேரம் அப்படி உக்காந்து கேட்டதோட பலன்தான் இந்தப் படம்னு நான் நினைக்கிறேன்.

சீட் மாறுது

படத்துல தகாட்சுகின்னு ஒரு இளம் நடிகர். ஓடோவோட இருந்தது இவன்தான்னு கஃபுகுவுக்குத் தெரியும். தெரிஞ்சே அவனை நாடகத்துல சேர்க்கறார், அதுவும் வான்யா வேஷத்துக்கு. ஒரு ராத்திரி ரெண்டு பேரும் காரோட பின்சீட்டுல உக்காந்து பேசறாங்க. கேமரா நேருக்கு நேர். கஃபுகுவுக்கே தெரியாத, ஓடோ சொன்ன ஒரு கதையோட மிச்சத்தைத் தகாட்சுகி சொல்றான். இன்னொரு மனுஷனோட மனசை முழுசாப் பாத்துட முடியாது, நம்மால முடிஞ்சது நம்ம மனசை நேர்மையாப் பாக்கறதுதான்ங்கற மாதிரி பேசறான். பகையாளியா வந்தவன் இவரைவிட நல்லாப் புரிஞ்சு வெச்சிருக்கான்!

அவன் இறங்கிப் போனதும், கஃபுகு பின்சீட்டுக்குப் போகல. முன்னாடி வந்து மிசாகி பக்கத்துல உக்கார்றார். அதுவரைக்கும் அவர் முதலாளி, அவ டிரைவர். ஒரு கதவு திறந்து மூடற சத்தத்துல அது மாறிப்போச்சு. அந்தக் கார்ல சிகரெட் பிடிக்கக் கூடாதுங்கறது அதுவரைக்கும் சட்டம். இப்ப ரெண்டு பேரும் பத்த வெச்சு, மேல் ஜன்னல் வழியா கையை வெளிய நீட்டி, புகை உள்ள வராம பிடிச்சுக்கிட்டுப் போறாங்க. இருட்டுல ரெண்டு கை, ரெண்டு நெருப்புப் பொட்டு. வசனமே இல்ல.

ஏன் இது அந்நியர்களுக்கு மட்டும் முடியுது? நான் இதை ஆஸ்பத்திரியில பாத்திருக்கேன். அப்பா ஐசியூவுல இருந்த பதினொரு நாளும் வராண்டாவுல என் பக்கத்து பெஞ்சுல ஒரு அக்கா உக்காந்திருப்பாங்க. அவங்க வீட்டுக்காரர் உள்ள. தினமும் ஃபிளாஸ்க் மூடியில எனக்குக் கொஞ்சம் டீ ஊத்திக் கொடுப்பாங்க. சொந்தக்காரங்ககிட்ட சொல்லாததை எல்லாம் அவங்ககிட்ட சொன்னேன், அவங்களும் சொன்னாங்க. அவங்க பேரு கடைசி வரைக்கும் கேக்கவே இல்ல. சொந்தக்காரங்ககிட்ட நாம அழுதா அவங்களும் உடைஞ்சிடுவாங்களோன்னு பயம். அவங்களுக்காகத் தைரியமா இருந்தாகணும். பேர் தெரியாத அக்காகிட்ட அந்தப் பொறுப்பு இல்ல.

"உன் தப்பு இல்ல"ன்னு சொல்லாத மனுஷன்

நாடகத்துக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, தகாட்சுகி ஒருத்தரை அடிச்சு, அவர் இறந்துபோய், போலீஸ் அவனைப் பிடிச்சிடுது. நாடகத்தை ரத்து பண்ணணும், இல்ல கஃபுகுவே வான்யாவா நடிக்கணும். அந்த வேஷம் தன்னையே வெளிய இழுத்துப் போட்டுடும்னு பயந்துதான் அவர் அதை விட்டிருந்தார். ரெண்டு நாள் அவகாசம். அவர் மிசாகிகிட்ட, உன் ஊருக்குக் கூட்டிட்டுப் போன்னு கேக்கறார். மேற்குல இருந்து வடக்கு மூலையில இருக்கற ஹொக்கைடோ வரைக்கும். ராத்திரி பகலா கார், நடுவுல கப்பல், கடைசியில பனி.

அங்க ஒரு நிலச்சரிவுல மிசாகியோட வீடு இடிஞ்சு, அம்மா உள்ளயே இறந்துட்டாங்க. அவ மட்டும் தவழ்ந்து வெளிய வந்தா. வந்தவ, உள்ள அம்மா இருக்காங்கன்னு தெரிஞ்சும் திரும்பிப் போகல, யாரையும் கூப்பிடல. பாத்துக்கிட்டே நின்னா. அந்த அம்மா சில நேரம் சாச்சிங்கற எட்டு வயசுக் குழந்தையா மாறிப் பேசுவாங்களாம். அடிக்கற அம்மாவுக்குள்ள இருந்த அந்தக் குழந்தைதான் மிசாகியோட ஒரே சிநேகிதி. அம்மா செத்தா சாச்சியும் செத்துடுவான்னு அவளுக்குத் தெரியும்.

இவருக்கும் அதே கணக்குதான். கொஞ்சம் முன்னாடி வீட்டுக்கு வந்திருந்தா? அவளுக்கு, கொஞ்சம் முன்னாடி கூப்பிட்டிருந்தா? யாராவது ஒருத்தரை இழந்த எல்லாருக்குள்ளயும் இந்தக் கணக்கு ஓடிக்கிட்டேதான் இருக்கும். விடையே வராத கணக்கு.

இந்த இடத்துல கஃபுகு சொல்ற பதில்தான் என்னை உலுக்கினது. நான் உன் அப்பாவா இருந்தா உன் தோளைப் பிடிச்சு உன் மேல தப்பே இல்லன்னு சொல்லுவேன், ஆனா என்னால அப்படிச் சொல்ல முடியாது, நீ உன் அம்மாவைக் கொன்னே, நான் என் மனைவியைக் கொன்னேன்ங்கற மாதிரி சொல்றார். அவ ஆமாங்கறா.

கேக்கறதுக்குக் கொடூரமா இருக்கு இல்லையா? ஆனா அவ முகத்தைப் பாருங்க, முதல் தடவையா ஒருத்தர் அவளை நம்பியிருக்கார். "உன் தப்பு இல்ல"ன்னு உடனே சொல்றது பல நேரம் எதிர்ல இருக்கறவங்க வாயை மூடத்தான். அதுக்கு மேல பேசாதேங்கறதோட மரியாதையான வடிவம் அது. கஃபுகு அந்தக் கதவைச் சாத்தல. திறந்து வெச்சிட்டு, நானும் இந்தப் பக்கம்தான் நிக்கறேன்னு சொல்றார். மிசாகியும் அவருக்கு ஒண்ணு தர்றா. உங்க மனைவி உங்களை நேசிச்சதும் உண்மை, வேற ஆளைத் தேடினதும் உண்மை, ரெண்டுக்கும் நடுவுல மர்மம் எதுவும் இல்லாம இருக்கலாமேன்னு. பனியில நின்னுக்கிட்டு, அவர் அப்பதான் சொல்றார், வலிக்க வேண்டிய நேரத்துல தான் வலிக்க விடலன்னு. ரெண்டு பேரும் கட்டிப் பிடிச்சுக்கறாங்க. காதலா? கிடையாது. அவர் பொண்ணு உயிரோட இருந்திருந்தா அவளுக்கும் இருபத்து மூணு வயசுதான் ஆயிருக்கும்.

ஒரு எதிர்க் கேள்வி

இந்தப் படத்தைப் பத்தி ஒரு நியாயமான விமர்சனம் உண்டு. மறுபடியும் ஒரு நடுத்தர வயசு ஆம்பளை ஆறுதல் அடையறதுக்கு ஒரு பொண்ணு சாகணும், இன்னொரு பொண்ணு வண்டி ஓட்டணுமான்னு. ஓடோவைப் பொறுத்தவரைக்கும் இதை நான் ஒத்துக்கறேன். அவங்க என்ன பேச நினைச்சாங்கன்னு படமும் நமக்குச் சொல்லல. ஆனா மிசாகி விஷயத்துல படம் ஏமாத்தலன்னு நினைக்கிறேன். கடைசிக் காட்சி அவளோடது, கஃபுகு அதுல இல்லவே இல்ல. கொரியாவுல ஒரு சூப்பர் மார்க்கெட். கொரோனா காலம். மாஸ்க் போட்டுக்கிட்டு, மளிகை சாமான் வாங்கிட்டு வந்து, அந்தச் சிவப்புக் கார்ல ஏறறா. பின்னாடி ஒரு நாய். மாஸ்க்கைக் கழட்டினா, கன்னத்துத் தழும்பு மங்கின மாதிரி தெரியுது. கார் எப்படி அவ கைக்கு வந்துச்சு, நாய் யாரோடது, எதுவும் சொல்லல. அவளுக்குன்னு ஒரு வாழ்க்கை இருக்கு, அதை நமக்கு விளக்க வேண்டிய அவசியம் அவளுக்கு இல்ல.

ஆற விடறது

அதுக்கு முந்தின காட்சி, நாடக மேடை. கஃபுகு வான்யாவா உக்காந்திருக்கார். சோன்யாவா யூனா பின்னாடி இருந்து வந்து, அவர் தோளைச் சுத்திக் கையைக் கொண்டு வந்து, அவர் முகத்துக்கு முன்னால சைகையில பேசறா. நாம வாழ்ந்துதான் ஆகணும், உழைச்சுதான் ஆகணும், ஓய்வு பிறகு வரும்னு செகாவ் எழுதின அந்தக் கடைசிப் பேச்சு. அரங்கமே அமைதி. ஓடோன்னா ஒலின்னு சொன்னேன் இல்லையா? அந்த ஒலியைக் கேசட்டுல கேட்டுக் கேட்டு வாழ்ந்த மனுஷனுக்கு, கடைசியில ஆறுதல் சத்தமே இல்லாம, ரெண்டு கை வழியா வருது.

தமிழ்ல நமக்கு ஒரு அழகான வசதி இருக்கு. டீயும் ஆறும், புண்ணும் ஆறும், மனசும் ஆறும். எல்லாத்துக்கும் ஒரே வினைச்சொல். அதுல இருந்து வந்ததுதான் ஆறுதல். டீயை நீங்க ரெண்டு டம்ளர்ல மாத்தி மாத்தி ஆத்தலாம். புண்ணை அப்படி ஆத்த முடியாது, அதுக்குக் காத்துப் படணும், நேரம் ஆகணும், சொறியாம இருக்கணும். இந்தப் படம் 179 நிமிஷம் எடுத்துக்கறதுக்குக் காரணம் இதுதான். வேகமா ஓட்டிப் பாக்க வேண்டாம்னு நான் சொன்னதுக்கும்.

மெசேஜ் அனுப்பின நண்பருக்கு: இந்தப் படம் உங்களை ஏமாத்தாது. அழ வைக்காதுன்னு மட்டும் என்னால உத்தரவாதம் தர முடியல. வந்தா வரட்டும். தனியா பாக்க வேண்டாம்னு தோணினா யாரையாவது கூட வெச்சுக்கோங்க. பேசவே வேண்டாம், பக்கத்து சீட்டுல உக்காந்திருந்தா போதும். கனம் தாங்க முடியாத அளவுக்குப் போச்சுன்னா படத்தை நம்பி இருக்காதீங்க. டெலி மானஸ்னு அரசாங்கத்தோட கட்டணமில்லா மனநல உதவி எண் இருக்கு, 14416. தமிழ்லயே பேசலாம்.

படம் பாத்துட்டு, உங்களுக்குப் பேர் தெரியாத ஒரு மனுஷர் எப்பவாவது ஆறுதலா இருந்திருந்தா, ஒரு நிமிஷ வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. வர்றதுல சிலதை அடுத்த எபிசோட்ல சேர்ந்து கேப்போம். அதுவரைக்கும், பத்திரமா ஓட்டுங்க.